எக்லெக்டஸ் கிளியின் இருநிறம்: மரப்பொந்தை முன்வைத்து ஒரு விளக்கம்

நியூகினி, சாலமன் தீவுகள், மலுக்குத் தீவுகள், ஆஸ்திரேலியாவின் வடகோடி ஆகிய இடங்களின் மழைக்காடுகளில் வாழ்வது எக்லெக்டஸ் கிளி. ஆண் பச்சை; அதன் மேலலகு பழுத்த மாம்பழ நிறம். பெண் செக்கச்சிவப்பு, வயிற்றில் நீலமோ ஊதாவோ படர்ந்திருக்கும், அலகு கன்னங்கரியது. இரண்டையும் வெவ்வேறு இனங்கள் என்றே ஐரோப்பியர் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பட்டியலிட்டு வந்தனர். 1870களில்தான் ஜெர்மானிய இயற்கையியலாளர் அடால்ஃப் மேயர் இவை ஆணும் பெண்ணுமே என்று நிறுவினார்.

பகட்டு நிறம் இணைக்காகப் போட்டியிடும் பாலுக்கே வாய்க்கும் என்பது 1871இல் டார்வின் விரித்துரைத்த கொள்கையின் சாரம். இதற்கு விலக்கான பறவைகளும் உண்டு. நம் குளக்கரைகளில் காணும் மயில் உள்ளானில் பெண்ணே அழகு. அங்கே அடைகாப்பதும் குஞ்சைப் பேணுவதும் ஆண். பொறுப்பு இடம் மாறியதால் நிறமும் இடம் மாறியது எனலாம். எக்லெக்டஸுக்கு இந்த விளக்கம் பொருந்தாது. இங்கே அடைகாப்பது பெண்தான்.

விடை மரப்பொந்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வடகோடியான கேப் யார்க் தீபகற்பத்தின் அயர்ன் ரேஞ்ச் காட்டில் ஆய்ந்த ராபர்ட் ஹைன்சோன், சாரா லெக், ஜான் எண்ட்லர் ஆகியோர் 2005இல் 'சயன்ஸ்' இதழில் இதை முன்வைத்தனர். கூடுகட்டத் தகுந்த பொந்து அக்காட்டில் மிக அரிது. அதைப் பிடித்த பெண் ஆண்டில் 11 மாதங்கள் வரைகூட அதைவிட்டு அகல்வதில்லை. பறிக்க வரும் பெண்களோடு நடக்கும் சண்டை சில வேளை சாவில் முடியும். பொந்தின் வாயில் தெரியும் சிவந்த தலை 'இடம் காலியில்லை' என்று தொலைவிலேயே அறிவித்துவிடுகிறது. வல்லூறு வந்தால் உள்ளே பதுங்கிக்கொள்ளலாம். பழம் தேடி மர உச்சிகளில் அலையும் ஆணுக்கு அந்த வசதி கிடையாது. இலையோடு இலையாகும் பச்சையே அதற்குக் காப்பு. அதே பச்சையில் புறஊதா ஒளிர்வும் உண்டு. கிளிகளின் கண்ணுக்கு அது நன்றாகவே தெரியும், வேட்டைப் பறவைகளுக்கு அவ்வளவாகத் தெரியாது.

பொந்துப் பஞ்சம் ஒன்றே காரணம் என்றால் ஓர் இடறல் எழும். அதே நிலப்பகுதியில் பொந்துகளில் கூடுகட்டும் மஞ்சள் கொண்டைக் காக்கட்டூவில் ஆணும் பெண்ணும் வெள்ளைதான். ஆனால் அங்கே இருவரும் மாறிமாறி அடைகாக்கின்றனர். பொந்துப் பஞ்சத்தோடு, எக்லெக்டஸில் உள்ளதுபோல் பெண் பொந்திலேயே கிடக்க, பல ஆண்கள் இரை கொண்டுவந்து ஊட்டும் ஏற்பாடும் சேர்ந்தால்தான் நிறம் இரண்டாகப் பிரிகிறது என்பது என் வாதம்.

பொந்தின் ஆட்சி நிறத்தோடு நிற்பதில்லை. மழைநீர் புகும் மோசமான பொந்துகளில், பொரித்த சில நாட்களுக்குள் ஆண் குஞ்சைத் தாயே கொன்றுவிடுவதுண்டு என்று ஹைன்சோன் குழுவினர் 2011இல் காட்டினர். பெண் குஞ்சு சில நாள் முன்னதாகவே பறந்துவிடும். வெள்ளத்துக்குத் தப்ப அந்த இடைவெளி போதும். தூவியின் நிறத்திலேயே குஞ்சின் பாலை அறிய முடிவதால் இது சாத்தியமாகிறது.

ஆகவே இக்கிளியின் எதிர்காலத்தைக் காட்டின் பரப்பளவைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது தவறு. பொந்து விழுவது முதிர்ந்த பெருமரங்களில். மரம் வெட்டுவோர் முதலில் கைவைப்பதும் பெருமரங்களில்தான். கணக்கெடுப்போர் பொந்துள்ள மரங்களைத் தனியே எண்ண வேண்டும்.