28 வருஷம், 870 ஆடுகள்: தைராய்டு மாத்திரையின் கதை

அம்மா, அத்தை, பெரியம்மான்னு நமக்குத் தெரிஞ்ச யாராவது ஒருத்தர் தினமும் காலையில தைராய்டு மாத்திரை போடறவங்களா இருப்பாங்க. இன்னைக்கு எபிசோட் அந்த மாத்திரையோட வரலாறு.

1870களில் லண்டன் டாக்டர்கள் ஒண்ணு கவனிச்சாங்க. நடுவயசுப் பெண்கள் சிலருக்கு முகம் உப்புது, குரல் தடிக்குது, பேச்சும் யோசனையும் மந்தமாகுது. 1873ல் வில்லியம் கல் இதை எழுதி வெச்சார். காரணம் மட்டும் பிடிபடலை.

அதுக்கான துப்பு சுவிட்சர்லாந்துல கிடைச்சது. பெர்ன் நகரத்து சர்ஜன் தியோடர் கோகர், கழுத்துக் கழலையை அறுத்து எடுக்கறதுல பெயர் பெற்றவர். நல்லபடியா வீட்டுக்குப் போன பழைய நோயாளிகளை அவர் திரும்ப வரவழைச்சுப் பார்த்தார். தைராய்டை முழுசா எடுத்தவங்கள்ல பலர் உப்பி, சோர்ந்து, மந்தமாகியிருந்தாங்க. லண்டன்ல பார்த்த அதே கோலம்! 1883ல் அதை மறைக்காம வெளியிட்டார். 1909ல் அவருக்கு நோபல் பரிசு கிடைச்சது.

1891ல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்துல ஜார்ஜ் மர்ரேன்னு ஒரு இளம் டாக்டர், ஆட்டுத் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை 46 வயசுப் பெண் ஒருத்தருக்கு ஊசியா போட்டார். அவங்க தேறிட்டாங்க. ஆனா நோய் தீரலை. மருந்தை நிறுத்தினா திரும்ப வந்துடும். பிறகு ஊசி போய், வாய்வழி மருந்தாச்சு. 1919ல், 74 வயசுல அவங்க இறந்தாங்க. அந்த 28 வருஷத்துக்கு 870க்கும் மேற்பட்ட ஆடுகளோட தைராய்டு தேவைப்பட்டுச்சு.

1914ல் எட்வர்ட் கெண்டல் தைராக்ஸினைப் பிரிச்செடுத்தார். 1927ல் ஹாரிங்டனும் பார்ஜரும் அதை லேப்லயே தயாரிச்சாங்க. ஆனா அளவு சரியா இருக்கான்னு எப்படித் தெரியும்? ரொம்ப காலம் நாடி, எடை, தோல் இதையெல்லாம் வெச்சுத்தான் கணிச்சாங்க. ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் உருவாக்கின ரேடியோ இம்யூனோஅஸே முறை வந்த பிறகுதான், 1960களில் ரத்தத்துல டிஎஸ்ஹெச் அளவை எண்ணாகவே பார்க்க முடிஞ்சது. தைராய்டு குறைவா சுரந்தா, மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி டிஎஸ்ஹெச்சைக் கூட்டி அதை முடுக்கும். 1977ல் யாலோவுக்கு நோபல் கிடைச்சது.

எங்க அம்மா 6 வருஷமா ஒரே அளவு மாத்திரை. நடுவுல ஒரு டெஸ்ட்கூட இல்லை. முடி கொட்டுது, உட்கார்ந்த இடத்துலயே தூங்கறாங்க, மொட்டைமாடிக்கு ஏறறதை விட்டுட்டாங்க. கேட்டா, "வயசாச்சுப்பா. மாத்திரைதான் போடறேனே, இன்னும் என்ன டாக்டர்?" லாக் பார்க்காம 6 வருஷம் ஓடற சர்வரை நாம சும்மா விடுவோமா? ஆனா அம்மாகிட்ட அந்த வாதம் எடுபடலை. நியூகாசில் கதையைச் சொன்னேன். கேட்டுட்டு, "28 வருஷமும் அந்த டாக்டர் அவளை விடலையா?"ன்னாங்க. அடுத்த வாரமே என்கூட எண்டோகிரைனாலஜிஸ்ட்கிட்ட வந்தாங்க.

டிஎஸ்ஹெச் 14. மாத்திரையை ஃபில்டர் காபியோட முழுங்கறாங்கன்னு அப்பதான் தெரிஞ்சது. காபி அது உடம்புல சேர்றதைக் குறைச்சுடும். டாக்டர் அளவைக் கூட்டி, வெறும் வயித்துல தண்ணியோட போட்டு அரைமணி நேரம் கழிச்சு காபி குடிக்கச் சொன்னார். கால்சியம், அயர்ன் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி. 6 முதல் 8 வாரத்துல மறுபடி டெஸ்ட்.

கோகர் பழைய நோயாளிகளைத் திரும்பக் கூப்பிட்டதாலதான் இந்தக் கதையே நகர்ந்தது. உங்க வீட்டுலயும் கடைசி ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து, தேதியைப் பாருங்க. அளவை நீங்களா மாத்தாதீங்க. கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.