திண்டுக்கல் பூட்டும் பழுது பார்ப்போர் கலையும்

மதுரையிலிருந்து வடக்கே செல்லும் இருப்புப்பாதையில் பயணம் செய்வோர்க்குத் திண்டுக்கல்லை முதலில் அறிவிப்பது அதன் மலையே ஆகும். சாய்ந்துகொள்ளும் திண்டினைப் போன்ற கல்லாதலின் திண்டுக்கல் எனப் பெயர் பெற்றது என்பர். அம்மலைமேல் மதுரை நாயக்கர் காலத்துக் கோட்டை ஒன்று இருக்கிறது. 1755ஆம் ஆண்டில் மைசூர் அரசின் சார்பில் ஹைதர் அலி பௌஜ்தாராக வந்து அமர்ந்தது இவ்வூரில்தான். 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இச்சீமை ஆங்கிலக் கம்பெனியாருக்குச் சேர்ந்தது. இவையெல்லாம் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்திகள். ஆனால், இவ்வூரின் பெயரைக் காசி முதல் கன்னியாகுமரி வரை கொண்டு சென்றது அக்கோட்டையன்று. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பூட்டேயாகும். அப்பூட்டின் வரலாற்றையும், அது கெட்டால் அதைச் செப்பனிட்ட கைகளின் வரலாற்றையும் இங்குக் கூற விரும்புகிறேன். முன்னதைப் பலர் பேசியிருக்கின்றனர். பின்னதைப் பேசுவார் அரியர்.

பழந்தமிழ் வீடுகளின் கதவுகளுக்கு இன்று நாம் காணும் கீல் கிடையாது. கதவின் ஒரு புறத்து மேல் மூலையிலும் கீழ் மூலையிலும் குடுமி என்னும் முளைகளை மரத்திலேயே விட்டு, அவற்றை நிலையிலும் வாசற்படியிலும் உள்ள குழிகளில் பொருத்தினர். கதவு அக்குடுமியின்மேல் சுழன்றது. அடைப்பதற்குத் தாழ் இருந்தது. தாழைத் திறக்கக் கோல் இருந்தது. திறவுகோல் என்னும் சொல் அதிலிருந்தே வழங்குகிறது. வள்ளுவரும் அன்பைப் பற்றிப் பேசுமிடத்துத் தாழைத்தான் நினைத்தார். திருமறைக்காட்டுக் கோயிற் கதவு நெடுங்காலம் அடைத்துக் கிடந்ததையும், அதனைத் திறப்பதற்கு அப்பரடிகள் பதிகம் பாடியதையும், மீண்டும் அடைப்பதற்குச் சம்பந்தர் பாடியதையும் பெரியபுராணம் கற்றோர் அறிவர். திறப்பதற்குப் பதிகம் முழுவதும் வேண்டியிருந்தது. அடைப்பதற்கோ முதற் பாட்டே போதியதாயிற்று. பூட்டுப் பட்டறையில் இருப்போரைக் கேட்டால், இன்றும் அப்படித்தான் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

திண்டுக்கல்லில் பூட்டுத் தொழில் தோன்றி ஏறக்குறைய 150 ஆண்டுகள் ஆயின என்று கணக்கிடுகின்றனர். சங்கரலிங்க ஆச்சாரி சகோதரர்கள் இதனைத் தொடங்கினர் என்பது தொழிலாளரிடையே வழங்கும் மரபு. அக்கம்பக்கத்தில் இரும்பு கிடைத்ததும், மழையை நம்பிய பயிர்த்தொழில் பலரைக் கைவிட்டதுமே காரணங்கள் என்று கூறுவர். அவற்றை நான் மறுக்கவில்லை. ஆயினும், மழை பொய்க்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ உள்ளன. அவையெல்லாம் பூட்டுச் செய்யவில்லையே! திண்டுக்கல் நான்கு திசைப் பாதைகளும் கூடும் சந்தை ஊர். புகையிலைக் கிடங்குகளும் தோல் மண்டிகளும் நிறைந்த ஊர். 1875ஆம் ஆண்டில் இருப்புப்பாதையும் வந்து சேர்ந்தது. பிறர் பொருளைத் தன் கூரையின்கீழ் வைத்துக் காக்க வேண்டிய வணிகனுக்கே நல்ல பூட்டு முதலில் தேவைப்படும். கொல்லனின் உலையும் வணிகனின் கிடங்கும் ஒரே தெருவில் நின்றதனாற்றான் இத்தொழில் வேரூன்றியது என்பது என் கருத்து. நாகல்நகர், நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டி, அடியனூத்து முதலிய இடங்களில் வீட்டுத் திண்ணைகளே பட்டறைகளாயின. தகடு வெட்டுபவர் ஒருவர், அரம் போடுபவர் ஒருவர், இணைப்பவர் ஒருவர் என்று வேலை வீடுதோறும் பகிர்ந்துகொள்ளப்பட்டது.

இனி, அப்பூட்டின் உள்ளமைப்பைச் சிறிது காண்போம். பூட்டின் வயிற்றினுள் மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். இவற்றை லீவர் என்றே பட்டறையில் அழைக்கின்றனர். ஒவ்வொரு லீவரையும் ஒரு சிறு வில் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு இருக்கும். சாவியின் பற்கள் ஒவ்வொரு லீவரையும் அதற்குரிய உயரத்திற்குத் தூக்கும்போது, எல்லா வெட்டுகளும் ஒரே நேர்கோட்டில் வந்து நிற்கும். அப்பொழுதுதான் தாழ்த்தண்டில் உள்ள முளை அவ்வழியே நகரும். ஒரு லீவர் மயிரிழை குறைவாக எழுந்தாலும் வழி அடைபடும். மயிரிழை கூடுதலாக எழுந்தாலும் அடைபடும். இம்முறையை இங்கிலாந்தில் 1778ஆம் ஆண்டில் ராபர்ட் பாரன் என்பவர் செப்பம் செய்து உரிமை பெற்றார். திண்டுக்கல் கொல்லர் அத்தகடுகளை அச்சில் வார்க்காமல், தம் கண்ணளவையும் அரத்தையும் கொண்டு ஒவ்வொன்றாக அராவினர். ஆகவே, ஒரே கையால் ஒரே நாளில் செய்யப்பட்ட இரண்டு பூட்டுகளுக்கும் சாவி ஒன்றாக அமைவதில்லை. கையின் இயல்பான வேறுபாடே இங்குக் காவலாயிற்று.

மாங்காய் வடிவில் அமைந்த மாங்காய்ப் பூட்டு இவற்றுள் பெரும்புகழ் பெற்றது. சாவியைத் திருப்பும்போது மணி ஒலிக்கும் மணிப்பூட்டு உண்டு. கடைக்காரர் உள்ளறையில் இருந்தாலும் பெட்டியைத் திறப்பவனை அது காட்டிக்கொடுக்கும். சாவித் துளையே கண்ணுக்குத் தெரியாதவாறு மறைத்த மாயப்பூட்டும் உண்டு. கள்ளச் சாவியிட்டவன் கையில் கத்தி பாயும் பூட்டும் இவ்வூரார் செய்தனர் என்பர்.

இத்தனை நுட்பமான பொருள் பழுதானால் என்ன செய்வது? இங்கேதான் நம் கதையின் மறுபாதி தொடங்குகிறது. பூட்டு இறுகியவுடன் வீட்டார் செய்யும் முதற் காரியம் தேங்காயெண்ணெயை ஊற்றுவது. அன்றைக்குப் பூட்டு இளகிக் கொடுக்கும். சில திங்களில் அவ்வெண்ணெயும் தெருப்புழுதியும் கலந்து களிம்பாகி, லீவர்களை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். தேர்ந்தவர்கள் பென்சிற் கரியைப் பொடித்துத் தூவுவார்கள். அது வழுக்கும், ஆனால் புழுதியைப் பற்றாது.

தேய்ந்த சாவி மற்றொரு தொல்லை. இருபது ஆண்டு தேய்ந்த சாவியைக் கடையில் கொடுத்து அதைப்போல் ஒன்று வெட்டச் சொன்னால், தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். புதுச் சாவி முதல் நாளிலேயே கிழச் சாவியாய்ப் பிறக்கும். திண்டுக்கல் பட்டறையில் அங்ஙனம் செய்வதில்லை. பூட்டின் தறையாணிகளை அராவி, மேற்றகட்டைக் கழற்றி, லீவர்களை எடுத்த வரிசை மாறாமல் ஒரு தட்டிலே பரப்பி வைப்பர். வரிசை மாறினால் பூட்டு வேறு பூட்டாகிவிடும். பிறகு லீவர்களைப் பார்த்துச் சாவியை அராவுவர். சாவியைப் பார்த்துச் சாவியை அராவுவதில்லை. வில் ஒடிந்திருந்தால் புதிய வில்லை வளைத்துப் பொருத்துவர். தண்டின் முளை தேய்ந்திருந்தால் அதற்குப் புதுமுளை வைத்து அடிப்பர். மீண்டும் தறையாணி அறைந்து மெருகிட்டால், பூட்டு அடுத்த தலைமுறைக்கு ஆயத்தமாகிவிடும்.

ஆனால், இங்கொரு பெரிய சிக்கல் இருக்கிறது. பூட்டைப் பழுது பார்க்க வல்லவன் அதைச் சாவியின்றித் திறக்கவும் வல்லவனாவான். இரண்டும் ஒரே அறிவுதான். 1851ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் உலகப் பெருங்கண்காட்சி நடந்தபோது, ஆல்பிரெட் ஹாப்ஸ் என்னும் அமெரிக்கப் பூட்டுத் தொழிலாளர் இவ்வுண்மையை யாவரும் அறியச் செய்தார். எவராலும் திறக்க முடியாதென்று பெயர்பெற்றிருந்த சப் நிறுவனத்தாரின் பூட்டை அவர் 25 நிமிடத்தில் திறந்தார். பிராமா நிறுவனத்தார் தம் கடைச் சன்னலில் பரிசு அறிவித்து வைத்திருந்த பூட்டுக்கு 16 நாட்களில் 51 மணி நேரம் உழைக்க நேர்ந்தது, அதுவும் திறந்தது. ஆங்கிலேயர் பலர் கலங்கினர். திருடருக்கு வழி காட்டலாமா என்று செய்தித்தாள்களில் வாதம் எழுந்தது. அதற்கு ஹாப்ஸ் தரப்பினர் கூறிய விடை, திருடர் இதை முன்னமேயே அறிவர் என்பதுதான்.

அவ்வாதத்தைத் திண்டுக்கல் வேறு வகையில் தீர்த்துக்கொண்டது எனலாம். இங்கே பூட்டு செய்தவர் இன்னார், அவர் வீடு இன்ன தெருவில், அவர் தந்தையார் இன்னார் என்பது வாங்கியவர்க்குத் தெரியும். கோயில் உண்டியலுக்கும், சிறைச்சாலைக்கும், அரசாங்கக் கிடங்குக்கும் பூட்டுச் செய்து கொடுத்த ஊர் இது. எந்தப் பூட்டையும் திறக்க வல்ல பல நூறு பேர் வாழும் ஊரில் மக்கள் கதவைப் பூட்டிவிட்டு நிம்மதியாய் உறங்கினர் என்றால், இரும்பு மட்டும் அதற்குக் காரணமன்று.

அந்தப் பிணைப்பு தளர்ந்ததற்கு முதற் காரணம் வடக்கேயிருந்து வந்த போட்டி. உத்தரப் பிரதேசத்து அலிகாரில் 1870ஆம் ஆண்டில் ஜான்சன் கம்பெனியார் இங்கிலாந்திலிருந்து பூட்டுகளை வரவழைத்து விற்கத் தொடங்கினர். 1890ஆம் ஆண்டளவில் அங்கேயே செய்யலாயினர். பம்பாயில் அர்தேஷிர் கோத்ரெஜ் 1897ஆம் ஆண்டில் பூட்டுத் தொழிலைத் தொடங்கினார். எந்திரத்தில் அடித்த தகடுகள் ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் வெளிவரும். அரம் பிடித்த கை அதனோடு எங்ஙனம் ஓட முடியும்? இரும்பும் பித்தளையும் விலையேறின. கூலி ஏறவில்லை. பட்டறைக்காரர் மக்கள் சுற்றிலும் எழுந்த நூற்பாலைகளுக்கும் அயலூர்களுக்கும் சென்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை.

2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது; காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கும் அப்பொழுதே கிடைத்தது. அயலூரில் செய்த பூட்டை இவ்வூர்ப் பெயரிட்டு விற்பதைத் தடுக்க அது உதவும். மகிழத்தக்க செய்தியே. ஆனால், பெயருக்குக் காவல் கிடைத்த அளவுக்குக் கைக்குக் காவல் கிடைக்கவில்லை. மலிவுப் பூட்டு கெட்டால் அதை எறிந்துவிட்டுப் புதியது வாங்குகிறோம். தறையாணி கழற்றிப் பார்க்கும் வேலை குறையக் குறைய, லீவரைப் பார்த்துச் சாவி அராவுவோரும் குறைகின்றனர். பாட்டனார் காலத்து அலமாரியும் கோயிற் பெருங்கதவும் வைத்திருப்போர்க்கு இது வெறும் வருத்தமன்று. நாளையே வாசலில் வந்து நிற்கும் இடர்.

இக்காலத்தில் புதிய வகைச் சன்னல்களும் வாயில்களும் வந்துள்ளன. இரண்டு கண்ணாடிகளுக்கிடையே சிறிது இடம் விட்டு, விளிம்பைக் காற்றுப் புகாமல் அடைத்து, அலுமினியத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன சட்டத்தில் பொருத்துகின்றனர். கொடைக்கானல் போன்ற குளிர்ந்த மலையூரிலும், வண்டிகளின் இரைச்சல் ஓயாத பெருஞ்சாலைகளிலும் அது பயன் தரும். அதன் பூட்டின் உருளையினுள் லீவர்களுக்குப் பதிலாகச் சிறு ஊசிகள் வில்லின்மேல் நிற்கின்றன. புதுமை என்று வியப்போர்க்கு ஒன்று சொல்லலாம். அம்முறையைப் பண்டை எகிப்தியர் மரத்திலேயே செய்து வைத்திருந்தனர். 1860களில் லைனஸ் யேல் என்னும் அமெரிக்கர் அதனை உலோகத்தில் சிறிதாக்கிச் செப்பம் செய்தார். கைப்பிடியைத் திருப்பினால் சட்டத்தின் விளிம்பில் மறைந்துள்ள நீண்ட பட்டை நகர்ந்து, மேலும் கீழும் நடுவிலும் ஒரே சமயத்தில் தாழிடும்.

இவ்வகைக் கதவு பழுதானால், பூட்டையும் கைப்பிடியையும் மாற்றுமாறு உடனே சொல்லிவிடுகின்றனர். பழைய பட்டறைக்காரரிடம் கேட்டால் அவர் பூட்டைத் தொடமாட்டார். முதலில் கதவைத் திறந்து வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்வார். திறந்த நிலையில் எளிதாய்த் திரும்பி, அடைத்த நிலையில் மட்டும் இறுகினால், பூட்டு குற்றமற்றது. கீலின் திருகாணி தளர்ந்து கதவு தொங்கிவிட்டது. தாழ் தன் குழியைக் காணாமல் விளிம்பில் முட்டுகிறது. அதைக் கையால் வலிந்து திருப்புவதனாலேயே உள்ளிருக்கும் பற்சக்கரமும் வில்லும் ஒடிகின்றன. கைப்பிடி ஆடுவதும் பெரும்பாலும் அதன் விளைவே. இரட்டைக் கண்ணாடி கனமானது. அக்கனம் முழுவதையும் இரண்டு மூன்று கீல்களே தாங்குகின்றன என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை.

குடுமிக் கதவு காலத்திலும் இதே நோய்தான். குடுமி தேய்ந்து கதவு ஒரு விரற்கடை தாழ்ந்தால், தாழ் நாதாங்கியில் சேராது. தச்சர் குழியில் ஒரு தகட்டை இட்டுக் கதவை உயர்த்துவார். பூட்டு தானே சரியாகும். பலகை அடித்த தோட்டக் கதவு தொங்காமலிருக்க, கீழ்க் கீலின் அருகிலிருந்து எதிர்ப்புற மேல் மூலைக்கு ஒரு குறுக்குச் சட்டம் அடிப்பதை நாட்டுப்புறங்களில் இன்றும் காணலாம். இரட்டைக் கண்ணாடிக் கதவைச் செவ்வனே பொருத்துவோரும் அதையேதான் செய்கின்றனர். கீழ்க் கீலின் அருகே கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு சிறு தக்கையைச் செருகி, எதிர்ப்புற மேல் மூலையிலும் ஒன்றைச் செருகிவிட்டால், கண்ணாடியே அந்தக் குறுக்குச் சட்டமாக நின்று கதவைத் தாங்குகிறது. அத்தக்கை நழுவிய கதவில் எத்தனை பூட்டுகளை மாற்றினாலும் அவை இறுகவே செய்யும். தக்கையைத் திரும்ப வைத்தால், பழைய பூட்டே திரும்பும்.