விலையில்லா மடிக்கணினியும் இரண்டு இயக்க அமைப்புகளும்: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம்

கணினியின் அடிப்படை மென்பொருளைப் பள்ளிப் பாடநூல்கள் இயக்க அமைப்பு என்கின்றன. இணையத்தில் எழுதுவோர் இயங்குதளம் என்பர். விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி பகுதி மானாவாரிச் சாகுபடியையும் கண்மாய்களையும் நம்பியது. இங்கு பல வீடுகளுக்கு முதல் கணினி வந்தது தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால்தான். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இத்திட்டத்திற்கு எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. வழங்கப்பட்ட பல கணினிகளில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் ஆகிய இரண்டும் இருந்தன. பொத்தானை அழுத்தினால் எது வேண்டும் என்று கேட்டு ஒரு பட்டியல் சில நொடிகள் திரையில் நிற்கும். பிளஸ் டூ மாணவர் அங்கே எதைத் தேர்ந்தார், ஏன் தேர்ந்தார் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

லினக்ஸ் அப்போது தமிழகத்திற்குப் புதிதல்ல. ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனு திட்டமும், பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட கருவகமும் சேர்ந்து உருவானது அது. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட பாஸ், சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவாகி 2007இல் வெளிவந்தது, தமிழிலும் இயங்கும். உமாசங்கர் இ.ஆ.ப. மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில் எல்காட் அலுவலகமே சூசி லினக்ஸுக்கு மாறியது. பிளஸ் டூ கணினி அறிவியலில் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் அல்ல, ஸ்டார் ஆபீஸ்தான் பல ஆண்டுகள் பாடமாக இருந்தது.

ஆனாலும் பெரும்பாலான மாணவர் விண்டோஸையே தொட்டனர். இதைச் சோம்பல் என்று சொல்வது நியாயமன்று. கணினி நின்றுபோனால் யாரிடம் கொண்டுபோவது? பேருந்து நிலையத்தருகே உள்ள கடைக்காரருக்குத் தெரிந்தது விண்டோஸ். நூல் கடையிலோ பருப்பு மண்டியிலோ கணக்கெழுதும் வேலைக்குக் கேட்டது டேலி. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டி.டி.பி. கடையில் போட்டோஷாப், பேஜ்மேக்கர். விருப்பம் என்று நாம் சொல்வதில் பாதி, பக்கத்தில் இருப்பவருக்கு என்ன தெரியும் என்பதுதான்.

எழுத்துருச் சிக்கல் இதைவிடப் பெரிது. வினாத்தாள்களும் அலுவலகக் கடிதங்களும் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. அவற்றை லினக்ஸில் திறந்தால் தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரியும். குற்றம் லினக்ஸுடையதன்று, அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கணினியிலும் அப்படித்தான். எழுத்துருக் கோப்பை நகலெடுத்துப் போட்டால் சரியாகிவிடும். இதைச் சொல்லித்தர ஆள் இல்லாத ஊரில், "லினக்ஸில் தமிழ் வராது" என்ற பேச்சு நிலைத்துவிட்டது. 2010 ஜூனில் அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்ட பிறகும் பழைய எழுத்துருக்கள் எளிதில் மறையவில்லை.

லினக்ஸுக்குப் போனவர்களும் உண்டு. கைமாறிய பென் டிரைவ் வழியே வந்த வைரஸ் விண்டோஸை முடக்கியபோது, மறுபக்கத்திலிருந்த பாஸில் நுழைந்து கோப்புகளை மீட்டவர்கள் அவர்கள். நிரல் எழுதும் ஆர்வமுள்ளவர்க்கு சி மொழித் தொகுப்பி இலவசமாகக் கிடைத்தது. ஆனால் புதிய மென்பொருளை இறக்க இணையம் வேண்டும். திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களில் அன்று அது அரிது. 2012இல் மின்சாரமே பல மணி நேரம் இருக்காது.

கேரளம் வேறு வழியில் சென்றது. ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தில் முதலில் ஆசிரியர்களுக்கே லினக்ஸ் பயிற்சி தந்தார்கள். இங்கே கருவி முதலில் வந்தது, கற்பிப்பவர் பின்னால் வந்தார். 2018இல் வெளியான பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில்தான் விண்டோஸும் உபுண்டுவும் அருகருகே இடம்பெற்றன.

அந்த மடிக்கணினிகள் பல இன்று பரணில் கிடக்கின்றன. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரிலும் முடிந்தன. எக்ஸ்.எஃப்.சி.இ. போன்ற இலகுவான முகப்புள்ள லினக்ஸ் ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலே இயக்கிப் பார்க்கலாம். பிடித்தால் நிறுவலாம், அதற்குமுன் பழைய படங்களையும் சான்றிதழ் நகல்களையும் வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.