ரேணிகுண்டா: வான்வழியும் நிலவழியும்

மும்பையிலும் தில்லியிலும் வாழும் நம்மவர்க்கு ரேணிகுண்டா என்னும் பெயர் புதிதன்று. மும்பையிலிருந்து புகைவண்டியில் ஊர் திரும்புவோர் இச்சந்திப்பைக் கண்டதும் சென்னை அண்மிவிட்டதென மூட்டைகளை எடுத்து வைக்கத் தொடங்குவர். இன்று அவ்வூரில் வானிலிருந்தும் வந்திறங்கலாம். திருப்பதி விமான நிலையம் எனப்படுவது ரேணிகுண்டாவில் அமைந்ததே.

முதலில் வந்தது இருப்புப்பாதை. சென்னையிலிருந்து வடமேற்கே சென்ற பாதையும் மும்பையிலிருந்து தென்கிழக்கே வந்த பாதையும் 1871ஆம் ஆண்டில் ராய்ச்சூரில் இணைந்தன. அப்பாதை நெடுகிலும் வளைந்து செல்வது. அதன்வழி இரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 1,280 கிலோமீட்டர். வானில் நேராக அளந்தாலோ 1,030 கிலோமீட்டரே. அந்த 250 கிலோமீட்டரை நிலம் நம்மிடம் வாங்கும் சுங்கம் எனலாம்.

அச்சுங்கத்தை முதலில் தவிர்த்தவை கடிதங்கள். 1932 அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக மும்பைக்குத் தபால் விமானம் ஓட்டி வந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டு சேர்த்தவர் நெவில் வின்சென்ட். வரைபடத்தில் பெல்லாரிக்கும் சென்னைக்கும் ஒரு நேர்கோடு இழுத்துப் பார்த்தால், அது ரேணிகுண்டாவை ஏறக்குறைய உரசிச் செல்லக் காணலாம்! ஆயினும் இவ்வூரில் விமானம் இறங்கப் பல்லாண்டுகள் ஆயின. நிலையத்திற்கு அடிக்கல் நாட்டியது 1971இல்; அது செயற்படத் தொடங்கியது 1976இல். கருடன் பெயர் தாங்கிய புதிய முனையம் 2015இல் திறக்கப்பெற்றது.

தொலைவையும் நேரத்தையும் ஒன்றாகக் கருதுவோர் இங்கே ஏமாறுவர். ரேணிகுண்டாவிலிருந்து ஐதராபாத் வான்வழியில் ஏறத்தாழ 415 கிலோமீட்டர். பயணம் சுமார் ஒரு மணி. தில்லியோ 1,670 கிலோமீட்டர். நான்கு மடங்கு தொலைவு. ஆனால் இடைநிற்காத விமானத்துக்குச் சுமார் இரண்டே முக்கால் மணி போதும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், மேலேறுதல், தாழ்ந்திறங்குதல் ஆகியவற்றுக்கு ஆகும் நேரம் குறும்பயணத்திலும் குறைவதில்லை. சென்னைக்கு வான்தொலைவு 100 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. உச்ச விரைவில் சில நிமிடங்களே. ஆனால் அவ்விரைவை எட்டுமுன் இறங்க வேண்டிவரும். அத்தொலைவுக்குப் புகைவண்டியே நன்று என்பது நம் எண்ணம்.

ஆனால் எல்லையோரத்துத் தமிழர்க்கு இக்கணக்கு வேறு. தொல்காப்பியப் பாயிரம் தமிழ்கூறும் நல்லுலகின் வடவெல்லையாகக் குறித்த வேங்கடத்தின் அடிவாரத்திலேதான் இந்நிலையம் உள்ளது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சென்றது, ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பின் 1960 ஏப்ரல் முதல் நாளில் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ரேணிகுண்டா ஆந்திரத்திலேயே நின்றது. 2022 முதல் புதிய திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. எனினும் திருத்தணியிலிருந்து நேர்கோட்டில் மீனம்பாக்கம் ஏறத்தாழ 62 கிலோமீட்டர். ரேணிகுண்டா நிலையம் 50 கிலோமீட்டரே.

தாய்க்கு உடல்நலமில்லை என்ற செய்தி கேட்டுத் தில்லியிலிருந்து திருத்தணிக்குப் புறப்படும் மகன் இரு நிலையங்களையும் விசாரிப்பது நலம். சென்னைக்கு விமானங்கள் மிகுதி. ஆகவே காத்திருப்புக் குறைவு. அன்று ரேணிகுண்டாவுக்கு ஏற்ற நேரத்தில் விமானம் கிடைக்குமாயின், அங்கே இறங்கித் தெற்கே வண்டி பிடிக்கலாம்.