சபைக் கடிதங்களைத் தேடுதல்

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தே நம் தமிழகத்தில் சங்கங்களும் சபைகளும் பல தோன்றின. 1901-இல் பாண்டித்துரைத் தேவரவர்கள் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார்கள். 1909-இல் நம் புதுக்கோட்டைப் பக்கத்து மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபை எழுந்தது, பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியாரவர்கள் அதற்கு உயிர்நிலையாய் விளங்கினார்கள். 1911-இல் கரந்தைத் தமிழ்ச் சங்கம் பிறந்தது. 1917-இல் காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கம் தோன்றியது.

ஆண்டினை அறிதல் எளிது. ஆயின், ஆண்டுவிழாவிற்கு எப்புலவரை அழைத்தனர், அவர் வர இசையாமைக்குக் காரணம் யாது, எந்நூலை அச்சிடுவதில் யாரொடு யார் மாறுபட்டனர் என்பனவற்றை ஆண்டறிக்கை கூறுவதில்லை. அறிக்கை பலர் காணப் புனையப்பெறுவது. கடிதமோ ஒருவர் மற்றொருவர்க்கு மனந்திறந்து வரைவது. ஆதலின் சபைகளின் மெய்ச்சரிதம் எழுதப் புகுவார்க்குக் கடிதங்களே முதற்கருவி என்பது எம் துணிபு.

அவை எங்கே உள்ளன? சபையின் காரியதரிசி எழுதிய கடிதங்களைச் சபையிலே தேடுதல் வீண். கடிதம் எழுதியவரிடம் தங்குவதன்று, பெற்றவரிடம் தங்குவது. இனிச் சபைக்கு வந்த கடிதங்களேனும் சபையில் இருக்குமோவெனின், அதுவும் அரிது. அக்காலத்துச் சபைகள் பலவற்றிற்குக் காரியதரிசியின் வீட்டுத் திண்ணையே அலுவலகம். அவர் மறைந்தபின் சபைப் பெட்டியும் குடும்பப் பெட்டிகளுள் ஒன்றாகிவிடும். பாகப்பிரிவினையில் எவர் பங்கிற்குப் போயிற்றென்று கேட்டறிதல் வேண்டும்.

மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் ஏடுகளைத் தேடியதை யாவரும் அறிவர். தமக்கு வந்த கடிதங்களையும் அவர்கள் போற்றி வைத்தமையைப் பலர் அறியார். மூவாயிரத்துக்கு மேற்பட்ட அக்கடிதங்கள் சென்னையில் அவர்கள் பெயரால் 1943-இல் நிறுவப்பெற்ற நூல்நிலையத்தில் உள்ளன. 1877 முதல் 1900 வரையிலான கடிதங்கள் ஆ. இரா. வேங்கடாசலபதி அவர்களால் பதிப்பிக்கப்பெற்று 2018-இல் நூலாய் வெளிவந்தன. ஆயினும் அவை ஐயரவர்களுக்கு வந்தவை. அவர்கள் பிறர்க்கு விடுத்தனவோ பெற்றவர் வீடுதோறும் சிதறின. உரையாடலில் ஒருவர் குரல் மட்டும் நமக்குக் கேட்கிறது!

இரண்டு குரலையும் ஒருங்கு சேர்த்தாரும் உளர். இலண்டன் ராயல் சொசைட்டியின் முதற் காரியதரிசிகளுள் ஒருவரான ஓல்டன்பர்க் என்பார் எழுதியனவும் பெற்றனவும் ஒன்றாய்த் தொகுக்கப்பெற்று, 1965 முதல் 1986 வரை பதின்மூன்று தொகுதிகளாய் வெளிவந்தன. அவர் இறந்ததோ 1677-இல். முந்நூறாண்டு கழித்தும் முடிந்த காரியம் நூறாண்டிற்குள் நமக்கு முடியாதோ?

எம் அனுபவம் ஒன்று கூறுவாம். ஈராண்டுகட்கு முன், சபையொன்றின் பழைய காரியதரிசியின் வீடு தேடிப் போயினேம். வயது முதிர்ந்த ஆச்சியொருவர் இருந்தார். "வாத்தியாரையா, கணக்குப் புத்தகத்தையெல்லாம் பத்திரமா வச்சிருக்கோம். கடுதாசியெல்லாம் போகிக்குப் போட்டாச்சு" என்றார். மனம் உடைந்து எழுந்தேம். பின்னர் அக்கணக்கையேனும் காண்போமென்று பேரேட்டைப் புரட்டினேம். மகமைப் பற்றிலே அச்சபையின் பெயர் காணப்பட்டது! வித்துவான்களுக்கு வண்டிச்சத்தம், சாப்பாட்டுச் செலவு, அச்சுக்கூலி, தபால்தலை என ஆண்டாண்டாய்ப் பதிந்திருந்தனர். கடிதம் அழிந்தது, கடிதம் போன நாளும் தபால்தலைக்குக் கொடுத்த காசும் அழியவில்லை. எந்தப் புலவர் எந்நாளில் வந்தாரென்பதை வண்டிச்சத்தம் காட்டிற்று. தமிழ்ப் பண்டிதராகிய யாம் அன்றுவரை பேரேட்டை இலக்கியச் சான்றாகக் கருதியதில்லை என்பதை ஒளிக்காது கூறுகின்றேம்.

பழங்கடிதங்களில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. பலர் தமிழ்வருடத்தின் பெயரையே எழுதிவிடுவர். 'சௌமிய வருஷம் ஆவணி' என்றிருப்பின் அது 1909-ஆகவும் இருக்கலாம், அறுபதாண்டு கழிந்த 1969-ஆகவும் இருக்கலாம். உறையில் ஏழாம் எட்வர்டு மன்னரின் தலை இருந்தால் ஐயமில்லை, முன்னதே. தபால்தலை சேர்க்கும் சிறுவர்கட்காக உறையின் மூலையைக் கத்தரித்துக் கொடுத்துவிடுகின்றனர். அத்துடன் ஆண்டும் போய்விடுகிறது.

பழந்தாள்களை வைக்க வீட்டில் இடமில்லையெனில் எங்குக் கொடுப்பதென்று சிலர் வினவுகின்றனர். புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்திலேயே ஞானாலயா நூலகம் உளது. கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் நூல்களோடு திருமண அழைப்பிதழ்களையும் துண்டு விளம்பரங்களையும்கூடச் சேர்த்தார்கள். 1992-இல் அவர்கள் மறைந்தபின் சிகாகோப் பல்கலைக்கழகம் அத்தொகுதியை வாங்க, அதுவே சென்னையில் அவர்கள் பெயரால் நூலகமாயிற்று.

மேற்கூறிய ஆச்சியின் வீட்டு மச்சில் மற்றுமொரு தகரப்பெட்டி உளது. சாவி இளைய மகனாரிடம் இருக்கிறதாம். அவர் மலேயாவினின்று மார்கழியில் வருகிறாராம். போகிக்கு முன் வந்து பார்க்கும்படி ஆச்சி சொல்லியனுப்பியிருக்கிறார்.