கயிற்றைப் பார்க்காத கண்கள்

யார்க் நகரத்துத் தெருக்களில், வண்டிகளையே மேடையாக்கி நடந்த பைபிள் நாடகங்கள் 1569-ஆம் ஆண்டோடு நின்றுபோனதைச் சென்ற வாரம் பார்த்தோம். அதன் பிறகு ஏறக்குறைய மூன்றரை நூற்றாண்டு, இங்கிலாந்தில் கோயில் ஒரு பக்கம், மேடை ஒரு பக்கம். கிறிஸ்துவை வேஷம் கட்டி மேடையேற்றத் தடை இருந்தது. லாரன்ஸ் ஹவுஸ்மேன் 1902-இல் எழுதிய ‘பெத்லகேம்’ நாடகத்துக்குப் பொது அரங்கில் அனுமதியே கிடைக்கவில்லை.

அந்தப் பிரிவை முடித்துவைத்ததில் பெரும்பங்கு ஜார்ஜ் பெல் என்ற குருவானவருக்கு உண்டு. கான்டர்பரி பேராலயத்தின் டீனாக இருந்தபோது, 1928 பெந்தெகொஸ்தே திருநாளுக்கு ஒரு நாடகம் வேண்டும் என்று முடிவு செய்தார். சபையில் ஆர்வமாக எழுதக்கூடிய யாரையாவது கேட்டிருக்கலாம். அவர் கேட்டது ஜான் மேஸ்ஃபீல்டை. இரண்டே ஆண்டில் அரசவைக் கவிஞராகப் போகிறவர். இசைக்கு குஸ்தாவ் ஹோல்ஸ்ட். உடையலங்காரத்துக்கு சார்லஸ் ரிக்கெட்ஸ். இடைக்காலத்துக்குப் பின் இங்கிலாந்துப் பேராலயம் ஒன்றுக்குள் நடந்த முதல் நாடகம் என்று அந்த ‘தி கமிங் ஆஃப் கிரைஸ்ட்’டைச் சொல்வார்கள். அன்று சேர்ந்த பணம், பின்னால் வந்த நாடகங்களுக்கு முதலாக நின்றது.

1929-இல் பெல் சிசெஸ்டர் பிஷப் ஆனார். மறு ஆண்டே தம் மறைமாவட்டத்தில் சமய நாடகங்களைக் கவனிக்க ஈ. மார்ட்டின் பிரவுன் என்ற இயக்குநரை நியமித்தார். பிரவுனுக்கு டி. எஸ். எலியட் அறிமுகமானதும் பிஷப் வீட்டில்தான். கோயில் கட்டும் நிதிக்காக 1934-இல் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் ‘தி ராக்’ நடந்தது. அதற்கு எலியட் எழுதிக் கொடுத்த கோரஸ் பகுதிகளைப் பார்த்த பெல், அடுத்த கான்டர்பரி விழாவுக்கு முழு நாடகமே எழுதும்படி கேட்டார்.

அப்படிப் பிறந்ததுதான் ‘மர்டர் இன் தி கதீட்ரல்’. துப்பறியும் கதைபோல் ஒலிக்கும் இந்தத் தலைப்பைச் சொன்னவர் பிரவுனின் மனைவி, நடிகை ஹென்ஸி ரேபர்ன். 1170 டிசம்பர் 29 அன்று ஆர்ச்பிஷப் தாமஸ் பெக்கெட் அந்தப் பேராலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். 1935 ஜூனில் அதே வளாகத்தின் சாப்டர் ஹவுஸில் ராபர்ட் ஸ்பைட் பெக்கெட்டாக நின்றார். கொலை நடந்த இடத்துக்கும் அந்த மண்டபத்துக்கும் நடுவே சில நிமிட நடைதான். நாடகத்தின் நடுவில் பெக்கெட்டின் கிறிஸ்துமஸ் பிரசங்கம் வரும், பார்வையாளரே சபையாகிவிடுவார்கள். கொலை முடிந்ததும், கொன்ற நான்கு வீரர்களும் நேரே பார்வையாளர் பக்கம் திரும்பி, சாதாரணப் பேச்சுநடையில், தாங்கள் செய்தது நியாயம் என்று வாதாடுவார்கள். எலியட்டின் உச்சம் இந்த இடம்தான் என்பேன். இரத்தசாட்சியின் மரணத்தைக் கண்டு உருகிக்கொண்டிருந்தவர்களை, கொலைகாரர்களுக்கும் காதுகொடுக்க வைத்துவிடுகிறார். பக்தியை மட்டும் நம்பி எழுதுகிறவருக்கு இந்தத் துணிச்சல் வராது.

1937 விழாவுக்கு எழுதியவர் டோரதி எல். சேயர்ஸ். துப்பறியும் நாவல்களால் பெயர் பெற்றவர், ஒரு குருவானவரின் மகள். ‘தி ஸீல் ஆஃப் தை ஹவுஸ்’ நாடகத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது அந்தப் பேராலயத்தின் சொந்தக் கதையையே. 1174-இல் தீயில் அழிந்த கிழக்குப் பகுதியைத் திரும்பக் கட்ட சான்ஸ் நகரிலிருந்து வில்லியம் என்ற சிற்பி வருகிறார். 1178-இல் சாரத்திலிருந்து விழுந்து முடமாகிறார். படுக்கையில் கிடந்தபடியே வேலையை நடத்திப் பார்த்து, முடியாமல் பிரான்சுக்குத் திரும்புகிறார். மடத்துத் துறவி ஜெர்வாஸ் எழுதிவைத்த வரலாறு இவ்வளவுதான்.

அவர் ஏன் விழுந்தார்? நாடகத்தில் அதற்குச் சேயர்ஸ் ஒரு காட்சி வைக்கிறார். வில்லியத்தை உயரே தூக்கப்போகும் கயிற்றை இரண்டு பேர் அங்குலம் அங்குலமாகச் சோதிக்க வேண்டும். வில்லியமோ பக்கத்தில் ஒரு சீமாட்டியோடு சல்லாபத்தில் இருக்கிறார். சோதிப்பவர்களில் ஒருவனுக்கு அந்த வேடிக்கையிலேயே கண். இன்னொருவர் துறவி. பாவத்தைக் கண்ணால் பார்க்கக்கூடாது என்று முகத்தைத் திருப்பி ஜெபத்தை முணுமுணுக்கிறார். கயிற்றில் இருந்த பழுது இருவர் கையையும் கடந்து போய்விடுகிறது. கயிறு அறுகிறது.

சபலக்காரனை எந்தப் பிரசங்கத்திலும் கண்டிக்கலாம். கை வேலையை விட்டுவிட்டு ஜெபித்தவரையும் அவனோடு ஒரே கூண்டில் நிறுத்திய நாடகம் பேராலயத்து மண்ணிலேயே அரங்கேறியது என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது. வில்லியத்தையும் சேயர்ஸ் விட்டுவிடவில்லை. அவர் கலையில் குற்றமில்லை. தானில்லாமல் கடவுளுக்கே இந்தக் கோயில் எழும்பாது என்ற கர்வம்தான் குற்றம். படைப்பு வேலையைப் பற்றி இந்த நாடகத்தில் எழுந்த சிந்தனையையே பின்னர் விரித்து, ‘தி மைண்ட் ஆஃப் தி மேக்கர்’ என்ற நூலாக 1941-இல் வெளியிட்டார்.

இந்த நாடகங்கள் கோயில் வாசலோடு நின்றுவிடவில்லை. எலியட்டின் நாடகம் அதே 1935-இல் லண்டன் மெர்க்குரி அரங்குக்குப் போய் 200 காட்சிகளுக்கு மேல் ஓடியது. சேயர்ஸின் நாடகம் 1938-இல் வெஸ்ட்மின்ஸ்டர் அரங்கில் ஏறியது. அதே ஆண்டு சசெக்ஸில் கோல்மன்ஸ் ஹாட்ச் என்ற சிற்றூர்க் கோயிலின் விழாவுக்காக, அப்போது அதிகம் அறியப்படாத கிறிஸ்டோபர் ஃப்ரை ‘தி பாய் வித் எ கார்ட்’ எழுதிக் கொடுத்தார். தாயைத் தள்ளுவண்டியில் வைத்து ஊர் ஊராக அழைத்துப்போன கத்மன் என்ற புனிதரின் கதை. 1950-இல் ஜான் கில்குட் இயக்கத்தில் லண்டன் மேடையில் அந்தப் பையனாக நடித்தவர் ரிச்சர்ட் பர்ட்டன்.

1939-இல் போர் மூண்டு அரங்குகள் மூடப்பட்டபோது, பிரவுன் ‘பில்கிரிம் பிளேயர்ஸ்’ என்ற சிறு குழுவைத் திரட்டினார். எளிய சாமான்களோடு கோயில், பள்ளிக்கூடம், குண்டுவீச்சுப் புகலிடம் என்று இடம் பார்க்காமல் நடித்தார்கள். 1951-இல் யார்க் நாடகங்களை செயின்ட் மேரி மடத்தின் இடிபாடுகளில் மீண்டும் மேடையேற்றியவரும் அவரே.

போரின் நடுவில் சேயர்ஸுக்கு பி.பி.சி.யிலிருந்து ஓர் அழைப்பு வந்தது: இயேசுவின் வாழ்க்கையை வானொலி நாடகமாக்க வேண்டும். கிறிஸ்துவின் குரலாக ஒரு நடிகர் பேசுவார் என்ற செய்தி 1941 டிசம்பரில் வெளியானதும் எதிர்ப்பு கிளம்பியது. அந்தப் பன்னிரண்டு நாடகங்களின் கதை அடுத்த வாரம்.