கூடைப்பந்துக் கோப்பையும் மறுக்கப்பட்ட பந்தியும்



ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே குடியிருக்கும் நமக்கு, சென்னையும் பெங்களூரும் மோதும் எந்த ஆட்டமும் சற்றே தர்மசங்கடமானது. மொழி ஒரு பக்கம் இழுக்கும், சம்பளம் மறுபக்கம் இழுக்கும். இந்தியத் தேசியக் கூடைப்பந்து லீகின் முதல் பருவம் 2022-23இல் நடந்தபோது, ஆறு நகர அணிகளுள் இறுதிவரை வந்தவை இவ்விரண்டுமே. பெங்களூரு கிங்ஸை வென்று சென்னை ஹீட் பட்டம் பெற்றது. நம் நாட்டில் தொழில்முறைக் கூடைப்பந்தின் வெற்றியாளர் பட்டியல் இன்னும் மிகச் சிறியது.

ஆட்டமோ நமக்குப் பழையது. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அவர் பயின்ற அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு பயிற்சிப் பள்ளியில்தான் 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இவ்விளையாட்டை உருவாக்கினார். நெய்ஸ்மித் மாண்ட்ரியலில் இறையியல் கற்றவர். பிரசங்க பீடத்துக்குப் பதிலாக உடற்பயிற்சிக் கூடத்தைத் தெரிந்துகொண்டவர். (என் போன்றோர் இதைக் குறையாகக் கருதவேண்டியதில்லை.) இரண்டு பீச் பழக்கூடைகள், பதின்மூன்று விதிகள், பக்கத்துக்கு ஒன்பது இளைஞர், முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கூடை.

ஊதியம் பெற்று ஆடுவோரின் இன்றைய என்.பி.ஏ. லீக் 1946இல் தோன்றியது. 1947இல் பிலடெல்பியா வாரியர்ஸ் அதன் முதல் பட்டத்தை வென்றது. அந்த நீண்ட பட்டியலில் பாஸ்டன் செல்டிக்ஸின் காலத்துக்கு நிகர் வேறில்லை: 1957 முதல் 1969 வரை பதின்மூன்று பருவங்களில் பதினொரு பட்டங்கள், அவற்றுள் எட்டு தொடர்ச்சியானவை. பதினொன்றிலும் இருந்தவர் பில் ரஸ்ஸல் என்னும் கறுப்பின வீரர்.

பட்டியல் சொல்லாதது ஒன்றுண்டு. 1961 அக்டோபரில், நான்கு பட்டங்கள் வென்றிருந்த அவ்வணி காட்சி ஆட்டமொன்றுக்காகக் கென்டக்கியிலுள்ள லெக்சிங்டன் நகருக்குச் சென்றது. தங்கிய விடுதியின் உணவகத்தில் அணியின் கறுப்பின வீரர்கள் இருவருக்கு உணவளிக்க மறுத்தார்கள். இரட்டைக் குவளையை அறிந்த நம் மூத்தோருக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்தியோகியாவில் பேதுரு பந்தியைவிட்டு விலகியபோது, பவுல் அதைச் சிறு விஷயமென்று விடாமல் எல்லாருக்கும் முன்பாகக் கேள்வி கேட்டதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். ரஸ்ஸலும் அவருடைய கறுப்பினத் தோழர்களும் ஆட மறுத்து ஊர் திரும்பினர். ஆட்டம் அவர்களின்றியே நடந்தது. வெள்ளையரான சக வீரர்கள் அன்றிரவு ஆடினார்கள் என்பதே எனக்கு அதிகம் உறுத்துகிறது.

1966இல் ரஸ்ஸல் அவ்வணியின் பயிற்சியாளரானார், என்.பி.ஏ.வில் அப்பொறுப்பேற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. வீரராகவும் பயிற்சியாளராகவும் இருந்துகொண்டே 1968, 1969 பட்டங்களை வென்று ஓய்வுபெற்றார். எனினும் அவர் வெற்றிகளைக் கொண்டாடிய பாஸ்டன் பகுதியிலேயே அவருடைய வீடு புகுந்து சூறையாடப்பட்டு, சுவர்களில் இனவெறிச் சொற்கள் எழுதப்பட்டிருந்தன.

1972இல் அவருடைய 6ஆம் எண் சட்டையை அரங்கின் உச்சியில் ஏற்றி மரியாதை செய்ய அணி விரும்பியது. மக்கள் கூட்டத்தின் முன் அது வேண்டாமென்றார் ரஸ்ஸல். ரசிகர்கள் உள்ளே வருமுன், பழைய தோழர்கள் சிலர் மட்டும் பார்த்திருக்க, வெறும் இருக்கைகளுக்கு மேலே அந்தச் சட்டை ஏற்றப்பட்டது.